பிடியரிசிக் குரல்

கதவுக்கு மேலே சின்னதாக ஒரு விளக்கு. உள்ளே பேசுகிறவரின் பேச்சு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அரசுச் செயலாளரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தால் அது எரியும். சேராவிட்டால் எரியாது. காத்திருப்புக் கூடத்தில் இருந்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள், காகிதங்களைப் புரட்டினார்கள், ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள். கண் மட்டும் அந்த விளக்கை விட்டு நகரவில்லை.

"இன்னும் எரியலயே," என்றாள் முத்துப்பேச்சி.

"இப்பதான உள்ள போயிருக்காவ. பொறுங்க பேச்சிக்கா."

"போயி ரொம்ப நேரமாச்சுட்டி."

 ஜெசிந்தாவுக்குத் தூத்துக்குடியிலிருந்து ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு மரத்துப் போயிருந்தது. சொல்ல வேண்டியதை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் அளவை உப்பளப் பாத்தியிலேயே எடுக்க வேண்டும். அளவு மீறினால் வேலையை நிறுத்தி, அன்றைய கூலியையும் கொடுக்க வேண்டும். இதுதான் விஷயம். இதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

வெயில் சட்டத்தின் வரைவு தயாராகிவிட்டது. கட்டட வேலை, சாலை வேலை, செங்கல் சூளை எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. உப்பளம் மட்டும் இல்லை. உப்பு வெயிலில்தான் விளையும், வெயிலுக்காக வேலையை நிறுத்தினால் தொழிலே நின்றுவிடும் என்று அளத்து முதலாளிகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சட்டத்துக்கான கருத்துக் கேட்பு இன்றோடு முடிகிறது. இன்று அந்த ஒரு விஷயம் செயலாளரின் காதில் விழாவிட்டால் வரப்போகிற சித்திரையும் போன சித்திரை மாதிரித்தான். போன சித்திரையில், கரைமேல் குவிக்கும் அம்பாரத்துக்கு உப்புச் சுமந்துகொண்டு போன முத்துப்பேச்சியின் மகள் செல்வக்கனி, சுமையை இறக்காமலே விழுந்தாள், பிறகு எழவே இல்லை. உப்பின் மேல் விழுந்ததால் சத்தம்கூட வரவில்லை என்றார்கள் பக்கத்தில் இருந்தவர்கள்.

அன்றைக்கு அரசாங்கக் கணக்கில் வெயில் அளவு மீறவே இல்லை. அதை எடுத்தது துறைமுகக் கட்டடத்தின் நிழலில்.

கேட்பு மண்டபம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் ஓர் அறக்கட்டளை தொடங்கி, கரையோர மக்களின் நண்பன், நெசவாளர் தோழன் என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டு, அமைச்சர் அறைக்குள் போய் உட்காரலாம். போகிறவரின் முகம் மக்களுடையதாக இருக்கும். பேச்சு கம்பெனியுடையதாக இருக்கும். அது ஒரு நாள் அம்பலமாகி ஊரே கொதித்தபோதுதான் இந்த ஏற்பாடு வந்தது. இனி எந்த அமைப்பும் அதிகாரியைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கண்ணாடி அறையில்தான். பேச்சு நேராகப் போகாது. நடுவில் இருக்கும் இயந்திரத்துக்கு அந்த அமைப்பு யார் பணத்தில் நடக்கிறது என்பது தெரியும். அந்தப் பணத்துக்காரருக்கு லாபம் தரக்கூடிய வாக்கியங்களை அது எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பும். எடுத்த இடத்தில் மௌனம் இருக்கும். அரசாங்கம் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. மக்கள் சல்லடை என்றார்கள்.

சல்லடை வேண்டும் என்று கேட்டுத் தெருவில் நின்றவர்களில் ஜெசிந்தாவும் ஒருத்தி. உப்பளப் பெண்கள் சங்கத்தின் செயலாளராக, ஆட்சியர் அலுவலக வாசலில் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறாள். அவள் கத்தியதற்குக் காரணம் இருந்தது. சங்கம் யாரிடமும் கை நீட்டியதில்லை. உலையில் அரிசி போடும்போது ஒவ்வொருத்தியும் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது சங்கக் கொட்டகையில் இருக்கும் அண்டாவுக்கு வரும். விற்ற காசில் கொட்டகை வாடகை, வக்கீல், இப்போது இந்த ரயில் டிக்கெட். சல்லடையில் எல்லோருடைய குரலும் ஓட்டையாகிப் போனாலும் பிடியரிசிக் குரல் முழுசாகப் போகும் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

"என்ன யக்கா, அளத்துக் காத்த விட்டுட்டு மெட்ராஸ் காத்து வாங்க வந்திட்டியளா?"

இசக்கிராஜ். கழுத்தில் அடையாள அட்டை, இஸ்திரி கலையாத சட்டை. முத்துப்பேச்சியின் தெருவில் பிறந்து வளர்ந்தவன். அவன் அம்மாவும் உப்புச் சுமந்தவள். இப்போது உப்பள முதலாளிகள் நடத்தும் வெண்கரை அறக்கட்டளையில் அதிகாரி.

"வாங்க சார்," என்றாள் ஜெசிந்தா. "முதலாளிமார்லாம் சுகமா?"

"சுகந்தான். உங்கள விசாரிச்சதா சொல்லச் சொன்னாவ."

"எங்களயா, எங்க இடுப்பையா? எவ்வளவு சுமக்கும்னு கேட்டிருப்பாவளே."

அவன் சிரித்தான். முத்துப்பேச்சியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அத்த, சாப்பிட்டியளா?" என்றான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

விளக்கு அப்போதும் எரியவில்லை. உள்ளேயிருந்து வேட்டி கட்டிய ஒரு பெரியவர் சந்தோஷமாக வெளியே வந்தார்.

"அவருக்கு எரியவே இல்லயே. எதுக்கு இவ்வளவு சிரிப்பு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"அவங்க சங்கம் அரசாங்க மானியத்துல நடக்குது யக்கா. அரசாங்கத்தப் புகழ்ந்தா சல்லடை வெட்டிரும். குறை சொன்னாத்தான் விளக்கு எரியும். அவரு குறை சொல்லுவாரா?"

"அப்ப எதுக்கு வாராரு?"

"மத்தியானம் செயலாளரம்மாவோட சாப்பாடு இருக்குல்லா. சாப்பாட்டு மேசைக்குச் சல்லடை கிடையாது. அங்க பேசிக்கிடுவாரு." மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட ஒரு பெண்ணைக் காட்டினான். "அவங்களுக்கு வெளிநாட்டுப் பணம். எந்த வாக்கியத்துல யாரு லாபம் ஒளிஞ்சிருக்குன்னு இயந்திரத்துக்குச் சந்தேகம். சந்தேகம் வந்தா மொத்தமா வெட்டிரும். வருவாவ, பேசுவாவ, போவாவ."

"பின்ன யாருக்குத்தான் எரியும்?"

இசக்கிராஜ் குரலைத் தாழ்த்தினான். "இங்க உக்காந்து காதக் கடிச்சிக்கிட்டு இருக்காவ பாத்தியளா, எல்லாம் வாக்கியம் மாத்திக்கிடுதாவ. எனக்குத் தேவையானத நான் சொன்னா வெட்டிரும். அதயே நீங்க சொன்னா போயிரும், உங்களுக்கு அதுல லாபம் இல்லயே. பதிலுக்கு உங்களுத நான் சொல்லுவேன். மண்டபத்துக்குள்ள நடக்கது பாதி. இந்த பெஞ்சுல நடக்கதுதான் மீதி."

ஜெசிந்தாவுக்கு அருவருப்பாக இருந்தது. "எங்களுக்கு அந்தத் தேவை இல்ல. எங்க குரல்ல எவன் காசும் கிடையாது. அரிசி. பொம்பளைங்க வாயக் கட்டி எடுத்து வச்ச அரிசி."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளுடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "நல்லா பேசுங்க யக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

சங்கத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அறை குளிராக இருந்தது. இரண்டு நாற்காலிகள், ஒரு ஒலிவாங்கி, எதிரே தடித்த கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே, பேசுகிறவர் கண்ணில் படும்படி, வெளியே இருந்தது போலவே ஒரு விளக்கு. அந்தப் பக்கம் செயலாளர் காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது, களைத்த முகம், கையில் பேனா. அவர் ஜெசிந்தாவைப் பார்த்துப் புன்னகை செய்தார். அது பொய்யான புன்னகையாகத் தெரியவில்லை.

ஜெசிந்தா பேசத் தொடங்கினாள். வணக்கம் சொன்னபோது விளக்கு எரிந்தது. பெயர் சொன்னபோது எரிந்தது. அவளுக்குத் தெம்பு வந்தது.

"உப்பளத்துல வெயில் மேலயிருந்து மட்டும் வரல அம்மா. உப்பு வெள்ளை. கீழயிருந்தும் அடிக்கும்."

விளக்கு அணைந்தது.

அவள் நிறுத்தவில்லை. துறைமுக நிழலில் எடுக்கும் அளவைப் பற்றிச் சொன்னாள். பாத்தியில் அளக்க வேண்டும் என்றாள். கூலி இல்லாமல் வேலையை நிறுத்தினால் ஒருத்தியும் நிறுத்த மாட்டாள் என்றாள். போன சித்திரையைப் பற்றிச் சொன்னாள். பக்கத்தில் முத்துப்பேச்சி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எரியவில்லை.

"சத்தமாச் சொல்லுட்டி," என்றாள் முத்துப்பேச்சி மெதுவாக.

சத்தமாகச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செயலாளர் காத்திருந்தார். மரியாதையாகத்தான் காத்திருந்தார். காதில் இருந்த கருவியை ஒரு முறை சரிசெய்து பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்தார். பக்கத்தில் இருந்த தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். வாய் திறந்து திறந்து மூடும் இரண்டு பெண்கள் அவருக்கு எப்படித் தெரிவார்கள் என்று ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் தோன்றியது. தொட்டியில் கிடக்கும் மீன் மாதிரி. அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"அப்ப வேண்டாம்! உங்க வேலையும் வேண்டாம், கூலியும் வேண்டாம்! உப்பளத்த இழுத்து மூடிட்டுப் போங்க!"

விளக்கு பளிச்சென்று எரிந்தது.

செயலாளர் நிமிர்ந்தார். தேநீரை வைத்துவிட்டு, பேனாவை எடுத்து வேகமாக எழுதினார். எழுதியதன் கீழே ஒரு கோடும் போட்டார்.

"ஐயோ, அது இல்லம்மா! அது கோவத்துல சொன்னது. எங்களுக்கு வேலை வேணும்மா, அத எழுதாதிங்க..."

விளக்கு அணைந்திருந்தது. செயலாளர் மறுபடியும் காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்தார். நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. அவர் கைகூப்பினார்.

வெளியே, மண்டப உதவியாளர் நிலோஃபர் அவர்களிடம் கையெழுத்து வாங்க வந்தாள். ஜெசிந்தா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஷின்ல கோளாறு. எங்க பேச்சு ஒண்ணுகூட போகல. நாங்க யாருட்டயும் காசு வாங்கல. அரிசி, பிடியரிசி."

"கோளாறு இல்ல மேடம். நான் பாத்துட்டேன். அரிசி யாரு குடுக்குறாங்க?"

"எங்க பொம்பளைங்க."

"அவங்க என்ன வேலை பாக்குறாங்க?"

"உப்பளத்துல."

"இந்தச் சட்டம் வந்தா யாருக்கு நல்லது?"

ஜெசிந்தாவின் பிடி தளர்ந்தது.

"குடுக்குறவங்களுக்கு லாபமா இருக்குறத அது வெட்டும் மேடம். கம்பெனியா இருந்தாலும் அதேதான், நீங்களா இருந்தாலும் அதேதான். மத்தவங்களுக்கு நாலு பேர் காசு, நாலு விதமான லாபம். ஏதாவது ஒண்ணு தப்பிச்சுப் போயிடும். உங்களுக்கு எல்லாமே ஒரே ஆளுங்க. அதான் முழுசா..." அவள் முடிக்கவில்லை.

"சாவாம இருக்கது லாபமா?"

"நான் வச்ச பேரு இல்லங்க," என்றாள் நிலோஃபர். அவளுடைய குரல் இறங்கியிருந்தது. "ஆனா அந்தக் கடைசி வார்த்தை போயிடுச்சு. உப்பளத்த மூடச் சொன்னது. அது பதிவாயிடுச்சு. சாயங்காலம் பேரோட வெளியிடுவாங்க."

அவள் போன பிறகு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.  கர்வம் போன இடத்தில் ஒரு வெறுமை இருந்தது. சங்கத்துப் பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு பிடி குறைத்துப் பொங்கியவர்கள். தங்களுக்காகத் தாங்களே பேச ஆள் அனுப்பியவர்கள். அது ஒரு பலவீனமாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? இல்லை, நினைத்திருக்க வேண்டுமோ? தெருவில் நின்று கேட்டபோது சல்லடையின் துளை எவ்வளவு என்று அவள் கேட்கவே இல்லை. தன் பக்கத்தில் துளை பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முத்துப்பேச்சி எழுந்து இசக்கிராஜ் இருந்த இடத்துக்குப் போனாள். ஜெசிந்தா பின்னாலேயே போனாள்.

"உனக்கு முன்னாலயே தெரியுமால?" என்றாள் ஜெசிந்தா.

"தெரியும்."

"வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அரிசியப் பத்திப் பேசும்போது உங்க மூஞ்சியப் பாத்தேன். மனசு வரல யக்கா." அவன் தரையைப் பார்த்தான். "சொன்னாலும் கம்பெனிக்காரன் குழப்ப வந்துட்டான்னுதான சொல்லியிருப்பிய?"

அது உண்மைதான்.

"உனக்கு எப்ப?" என்றாள் முத்துப்பேச்சி.

"கடைசி ஆளு நான்தான் அத்த."

"எங்க பேச்ச நீ சொன்னா விளக்கு எரியுமா?"

 "எரியும். ஒரு எழுத்து விடாம போகும். எங்க முதலாளிமாருக்கு அதுல நட்டந்தான."

"அப்ப சொல்லு."

"அத்த, சாயங்காலம் பேரோட வெளிய வரும். நான் நாளைக்கு வீட்டுல இருப்பேன். பெரிய மவளுக்கு இப்பதான் பள்ளிக்கூடத்துல இடம் கெடச்சிருக்கு. அம்மாவுக்கு மருந்து. எல்லாம் அவங்க போடுத சோறு." அவன் ஜெசிந்தாவிடம் திரும்பினான். "வழக்கப்படி பாத்தா, பதிலுக்கு எங்க வாக்கியம் ஒண்ண நீங்க சொல்லணும்னு கேக்கணும். அதயும் கேக்க முடியாது. நீங்கதான் உப்பளத்த மூடுன்னு சும்மாவே சொல்லிட்டு வந்திட்டியளே. உங்களுக்கே வேலை வேண்டாம்னு காட்ட, எங்க ஆளுங்க இத்தன வருசமா அத உங்க வாயில இருந்து வரவைக்கப் படாத பாடு பட்டாவ."

"குத்திக் காட்டாதல."

"குத்தல யக்கா. நெசம்."

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு அறையிலிருந்து பாத்திரச் சத்தமும், வேட்டி கட்டிய பெரியவரின் சிரிப்பும் கேட்டன. செயலாளரின் சிரிப்பும் கூடக் கேட்டது. அங்கே எல்லோருடைய குரலும் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

முத்துப்பேச்சி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதுவும் பேசவில்லை. அவன் காகிதங்களை ஒழுங்குபடுத்தினான், மறுபடி கலைத்தான். அவள் அப்படியே இருந்தாள்.  

"செல்வக்கனி பேரச் சொல்லிக் கேப்பியன்னு நினைச்சேன்," என்றான் கடைசியில்.

"அவ பேரு இதுக்கில்ல."

"அவ போன அன்னைக்கு மாலை கொண்டாந்து போட்டேன். அதுல கம்பெனி பேரு பெரிசா இருந்துச்சு. பேரு தெரியாம அத நீங்க திருப்பி வச்சிட்டிய. பாத்தேன்."

 சாப்பாடு முடிந்து செயலாளர் உள்ளே போவது தெரிந்தது. வெண்கரை அறக்கட்டளை என்று கூப்பிட்டார்கள். இசக்கிராஜ் எழுந்தான். இரண்டடி போய் நின்று, "உங்க வாக்கியத்த ஒருக்கா சொல்லுங்க யக்கா," என்றான், திரும்பிப் பார்க்காமலே.

ஜெசிந்தா சொன்னாள்.  கதவு மூடியது.

விளக்கு எரியவில்லை. அவன் கொண்டுபோன அறிக்கையைப் படிக்கிறான் போலும். முதலாளிகள் கட்டிக் கொடுத்த கழிப்பறைகள், கண் சிகிச்சை முகாம், பள்ளிப் பைகள். அத்தனையும் சல்லடையில் மாட்டிக்கொண்டிருந்தன. விளக்கு எரியாமலே இருந்தது. ஜெசிந்தா அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு முத்துப்பேச்சியைப் பார்த்தாள். கிழவியின் முகத்தில் எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. உப்பு விளைவதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு எரிந்தது.

எரிந்துகொண்டே இருந்தது. ஜெசிந்தா தன் வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். முடிந்தது. விளக்கு இன்னும் எரிந்தது. அவள் இரண்டாம் முறை சொல்லி முடித்த பிறகும் எரிந்தது. அவன் வேறு என்னவோ சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அணைந்தது.

வெளியே வந்தவன் அவர்களைப் பார்க்காமல் நேராகக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினான். சட்டையெல்லாம் நனைந்தது. அப்படியே படியிறங்கிப் போய்விட்டான்.

பங்குனி முடிவதற்குள் சட்டம் வந்தது. உப்பளமும் அதில் இருந்தது. வெயில் அளவைப் பாத்தியிலேயே எடுக்க வேண்டும் என்றும், அளவு மீறினால் வேலையை நிறுத்தி அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. கொட்டகையில் ஜெசிந்தா அதை உரக்கப் படித்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ அவளைத் தூக்கப் பார்த்தார்கள். அவள் அடுத்த பத்தியையும் படித்தாள். உப்பளத் தொழிலாளர்களின் பிரதிநிதிகளே தங்களுக்கு இந்த வேலை வேண்டாம் என்று தெரிவித்திருப்பதால், வெயில் காரணமாக வேலையை நிறுத்தியவர்களை மறுநாள் திரும்ப அழைப்பதோ அழைக்காமல் விடுவதோ உரிமையாளரின் விருப்பம்.

குலவை நின்றது.

"யாருட்டி அப்படிச் சொன்னது?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"நான்தான்," என்றாள் ஜெசிந்தா.

அவர்கள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. முதல் முறை வேலையை நிறுத்துகிறவளுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதனால் ஒருத்தியும் நிறுத்த மாட்டாள். பாத்தியில் கருவி நட்டு வைத்திருப்பார்கள். அது சரியான அளவைக் காட்டிக்கொண்டிருக்கும்.

சட்டத்தைத் திருத்துவதற்கான கேட்பு ஆடியில் என்று அறிவித்திருந்தார்கள். அதற்குள் வெயில் வந்து போய்விடும். ஆனால் வெயில் அடுத்த வருடமும் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை இசக்கிராஜ் கொட்டகைக்கு வந்தான். சட்டை கசங்கியிருந்தது. கழுத்தில் அட்டை இல்லை. கையில் ஒரு மஞ்சள் பை. பெண்கள் அரிசியைக் கொட்டிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் வழி விட்டார்கள். ஒருத்தி அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"வெளிய அனுப்பிட்டாவளால?" என்றாள் ஜெசிந்தா.

"இல்ல யக்கா. அதுதான் கூத்து." அவன் அண்டாவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "பேப்பர்க்காரன் எல்லாம், முதலாளி காசுல நடந்தாலும் முதலாளிய எதுத்துப் பேசுன அறக்கட்டளைன்னு எழுதிட்டான். அவங்களுக்கு ஒரே பெருமை. இப்ப என்ன வெளிய அனுப்புனா அசிங்கமாயிரும். மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு, உன் சீட்டுல இருந்துக்கோன்னு மேனேஜர் சொல்லுதாரு. எழுத மாட்டேன்னு வந்துட்டேன்."

"நெசமாவா?"

"அன்னைக்கு விளக்கு எரிஞ்சுச்சு பாத்தியளா. உள்ள இருந்து அதப் பாத்துக்கிட்டே பேசுனேன். எங்க அம்மா முதுகப் பத்திச் சொன்னேன். அவ கண்ணு போனதச் சொன்னேன். எல்லாம் போச்சு, ஒண்ணுகூட வெட்டல. இத்தன வருசத்துல அன்னைக்குத்தான் பேசுன மாதிரி இருந்துச்சு யக்கா. இனி அந்தச் சோறு எறங்காது." பையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்தான். "சங்கத்துல சேர்ந்துக்கிடுதேன். ஆடிக்கு நானும் வாரேன். மூணு பேராப் போயிப் பேசுவோம்."

அவன் கையை நீட்டினான். அண்டாவின் வாயை முத்துப்பேச்சி தன் கையால் மூடினாள்.

"போடாத."

"அத்த?"

"நீ போட்டா உன் பேச்சும் கேக்காது."

அவன் கை அந்தரத்தில் நின்றது. வெளியே கடைசியாகப் போன பெண்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஜெசிந்தா அந்தக் கிழவியின் விரல்களைப் பார்த்தாள். உப்பு அரித்து நகங்கள் பாதியாகிப் போன விரல்கள். தள்ளிவிட்டுப் போடலாம், தடுக்க அவற்றில் பலம் இல்லை. அவன் தள்ளவில்லை.

"அங்கயே இருக்கச் சொல்லுதியளா? அந்தச் சோத்த தின்னுக்கிட்டு?"

"தின்னு. நல்லாத் தின்னு. ஆடிக்கு உன்ன அவங்கதான் அனுப்பணும்."

"என்னத் துப்புவாங்க அத்த. ஊருக்குள்ள நடக்க முடியாது. கம்பெனி நாயின்னு..."

"நானே துப்புவேன்," என்றாள் முத்துப்பேச்சி. "எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுவேன். நீ கண்டுக்கிடாத."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விரல்கள் மெல்ல மூடின. அரிசியைப் பையில் திரும்பப் போடுவதா, கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாதவன் மாதிரி இருந்தான். ஜெசிந்தா சட்டத்தின் பிரதியைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"மேனேஜர் பேரு என்னல?"

 அவள் காத்திருந்தாள். கொட்டகையின் தகரக் கூரை சூட்டில் முறுகும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான்.

'மதிப்பிற்குரிய ஐயா' என்று அவள் எழுதினாள். அடுத்த வரிக்கு வந்து யோசித்தாள்.

"நல்லாக் கெஞ்சி எழுதுட்டி," என்றாள் முத்துப்பேச்சி. "அவங்க மனசு இளகணும்."